மேலே வராத பலகை

மூத்த மாப்பிள்ளைக்கு ஒரு பழக்கம். யார் எதைச் சொன்னாலும் பதிலுக்கு முன்னால் மூக்கு வழியாக ஒரு ‘ம்க்கும்’ வரும். மழை வரும்போல இருக்கிறது என்றால் ‘ம்க்கும்’. எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றியாயிற்று என்றால் ‘ம்க்கும்’. கல்யாணமான புதிதில் மனைவி முதன்முதலாக டீ போட்டுக் கொடுத்து, நன்றாக இருக்கிறதா என்று கேட்டதற்கும் அதுதான் கிடைத்ததாம். படகுத் துறையில் அவர் முதுகுக்குப் பின்னால் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. “ம்க்கும் இன்னும் வரலையா?” என்று கேட்டுவிட்டு, அவர் தலை தெரிந்ததும் “வாங்கண்ணே” என்பார்கள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். பாவம் என்று சொல்ல மனம் வரவில்லை.

அந்த ‘ம்க்கும்’களில் முக்கால்வாசி அவருடைய சகலைக்கே செலவாயிற்று. மாமியாருக்கு இரண்டு பெண்கள், மாமனார் விட்டுப்போனது ஒரு படகு. மூத்தவளைக் கட்டியவர் சுக்கானைப் பிடித்தார். இளையவளைக் கட்டியவன் படகின் பின்பக்கம் நின்று தூண்டில் கயிறுகளைப் பார்த்துக்கொண்டான். சுக்கான் பிடிக்கிறவன் படகின் மூளை, கயிறு பிடிக்கிறவன் அதன் கை என்பது மூத்தவர் தானாக வகுத்துக்கொண்ட கணக்கு. கைக்குப் பேச வாய் எதற்கு என்பது அதற்கு மேல் அவர் போட்ட கோடு.

சூரை மீனுக்குப் போகிற படகு அது. ஓடுகிற படகுக்குப் பின்னால் கையாலேயே கயிறு விட்டு இழுக்கிற வேலை. விரல் தடிமனில் ஒரு கயிறு, மீன் உதறினால் அறுந்துபோகாமல் தாங்க நடுவில் ஒரு துண்டு ரப்பர், கயிற்றின் நுனியில் முங்குபலகை, பலகையின் வாலில் தங்கூசி என்கிற நைலான் நரம்பு, தங்கூசியின் முனையில் ரப்பர் கணவாய்க்குள் ஒளிந்திருக்கும் கொக்கி. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று.

சூத்திரமெல்லாம் பலகையில்தான். முழங்கை நீளப் பலகை, அதன் மூக்கில் ஈயம் காய்ச்சி ஊற்றியிருக்கும். முதுகில் வில்லாக வளைத்த ஒரு கம்பி, கம்பியில் ஓடுகிற ஒரு வளையம். வளையத்தைக் கம்பியின் மேட்டில் உட்காரவைத்துத் தண்ணீரில் விட்டால், படகு இழுக்க இழுக்கப் பலகை மூக்கைக் குத்திக்கொண்டு ஆழத்துக்குப் போகும், தூண்டிலையும் கூட்டிக்கொண்டு போகும். பின்னாலிருந்து மீன் ஒரு வெட்டு வெட்டினால் வளையம் வழுக்கி முன்னால் ஓடிவிடும். பலகை முங்குவதை விட்டுவிட்டு மேலே வந்து நீர்மேல் தத்தும். மீன் மாட்டிவிட்டது என்று பின்பக்கம் நிற்கிறவனுக்கு அதுதான் சேதி. மேலே வந்த பலகையை ஒரு ஆள் கையால் இழுத்துவிடலாம். முங்கியிருக்கும் பலகையை ஓடுகிற படகிலிருந்து இழுக்க முடியாது, தோள்பட்டைதான் கழன்று வரும்.

மீனுக்கு மட்டுமில்லை, கடற்பாசி கொத்தாகச் சிக்கினாலும் பலகை மேலே வரும். அங்கேதான் சண்டை பிறந்தது.

இளையவன் பலகைகளைத் தானே செய்வான். வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பான், ஆரஞ்சு நிறம் அடிப்பான், உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பான், மறுபடி தேய்ப்பான். தங்கூசியில் முடிச்சுப் போட்டால் அதை எச்சிலால் நனைத்து, பல்லால் கடித்து இழுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சரிபார்ப்பான். “முடிச்சுப் போடறியா, முத்தம் குடுக்கறியா?” என்று மூத்தவர் கேட்பார். அவன் சிரிப்பான். திட்டினாலும் சிரிப்பான், அலை மூஞ்சியில் அடித்தாலும் சிரிப்பான். மூத்தவருக்கு உலகத்தில் பொறுக்கவே முடியாதது அந்தப் பல்வரிசைதான். புத்தியுள்ளவனுக்குச் சிரிப்பு இவ்வளவு மலிவாக வராது என்பது அவருடைய எண்ணம். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தவர்கள் துறையில் யாரும் இல்லை.

போன வாரம் பலகை சும்மா சும்மா மேலே வந்துகொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் பாசி.

“பலகை செய்யறானாம் பலகை. சோறு கண்ட நாய் மாதிரி நிமிஷத்துக்கு ஒரு தரம் எந்திரிச்சு ஓடி வருது” என்றார் மூத்தவர்.

“நீங்க பாசிக்குள்ளயே ஓட்டினா அது என்னண்ணே பண்ணும்?” என்றான் இளையவன், வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே.

பக்கத்துப் படகில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு துறையைத் தாண்டி, தெருவைத் தாண்டி, மாமியாரின் சமையலறை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டு மாப்பிள்ளைகளும் தனித்தனியாக வந்து நியாயம் வேறு கேட்டார்கள். மூத்தவர் நின்றபடி கேட்டார், இளையவன் காலை முருங்கைக்காயாக நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து கேட்டான். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டே இருவரையும் கேட்டு முடித்தார்.

“படகுல சுக்கான் ஒண்ணுதான் இருக்கு. வாய் ரெண்டு இருக்கு” என்றார். “அடுத்த தடவை போறப்போ நானும் வர்றேன். யார் சுக்கானைப் பிடிக்கணும், யார் பின்னாடி நின்னு சொன்னதைக் கேக்கணும்னு அன்னிக்கே சொல்லிடறேன். அதுக்கப்புறம் இன்னொருத்தர் வாயைத் திறக்கக் கூடாது.”

மூத்தவருக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. சுக்கான் தன் கையைவிட்டுப் போகும் என்று அவர் நினைக்கவில்லைதான். ஆனாலும் போனால்? அந்தப் பல்லிளிப்பான் சுக்கான் இருக்கிற கூண்டுக்குள் நின்றுகொண்டு “இடது கயித்தை இழுங்கண்ணே” என்பான், தான் இழுக்க வேண்டும். ஊர் பார்க்க இழுக்க வேண்டும். அதைவிடக் கடலிலேயே குதித்துவிடலாம் என்று பட்டது. குதிக்கிற ஆள் இல்லை அவர். வேறு வழி யோசித்தார்.

விடியற்காலையில் எல்லாருக்கும் முன்னால் துறைக்குப் போய்ச் சேர்ந்தார். மாமியாரிடம் காட்டுவதற்கென்றே இளையவன் செய்து வைத்திருந்த புதுப் பலகை இடதுபக்கக் கயிற்றில் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வளையம் மட்டும் வழுக்காமல் இருந்தால்? மீன் கடிக்கும், பலகை சொல்லாது. முங்கியே கிடக்கும் பலகையின் இழுப்பில் ரப்பர் ஏற்கெனவே விறைத்துப்போய் இருக்கும், மீன் இழுப்பது வெளியே தெரியாது. கொஞ்ச நேரத்தில் வாய் கிழிந்து மீன் போய்விடும். சாயங்காலம் தானே முந்திக்கொண்டு பலகையை எடுத்து, கட்டை அவிழ்த்துவிட்டு, வெறும் கொக்கியைத் தூக்கிப் பிடித்து, “இதான் அத்தை உங்க சின்ன மாப்பிள்ளை செஞ்ச லட்சணம்” என்று காட்டிவிடலாம்.

கட்டுவதற்குக் கம்பி வேண்டும். படகில் கம்பிக்கா பஞ்சம்? தேடினால் கிடைத்திருக்கும். தேட அவகாசமில்லை, துறை வாசலில் சகலையின் ஸ்கூட்டர் இருமுகிற சத்தம் கேட்டுவிட்டது. கூண்டுக்குள் கையை விட்டார். சுக்கானுக்கு அடியில் ஹாரனுக்குப் போகிற சிவப்பு வயர் தட்டுப்பட்டது. சட்டென்று பிடுங்கினார். வளையத்தை மேட்டில் வைத்து, கம்பியோடு சேர்த்து நறுக்கென்று முறுக்கினார். ஆரஞ்சுப் பலகையில் சிவப்பு வயர் கண்ணை உறுத்தவில்லை. தன் கைவேலையைப் பார்த்து அவரே தலையாட்டிக்கொண்டார். அடுத்தவன் வேலையை மெச்சாத மனிதர், மெச்சத் தொடங்கிய இடம் இது.

துறையை விட்டுக் கிளம்பும்போது ஹாரன் அடிப்பது வழக்கம். அன்று அடிக்கவில்லை.

“என்ன மாப்பிள்ளை, ஹாரன் அடிக்கலையா?” என்றார் மாமியார். ஐஸ் பெட்டியின்மேல் துண்டை விரித்து, சேலையை முழங்கால் வரை இழுத்துச் செருகிக்கொண்டு, சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“ம்க்கும். எதுக்கு அத்தை வீண் சத்தம்?” என்றார் மூத்தவர்.

கரை மறைந்ததும் பலகைகளை விட வேண்டிய நேரம் வந்தது. மூத்தவருக்கு அன்றைக்கென்று அன்பு பொங்கி வழிந்தது. “சகலை, நீ அத்தைக்கு டீ ஊத்திக் குடு. இடது பலகையை நான் விடறேன்” என்று சுக்கானை ஒரு கயிற்றால் கட்டிவிட்டுப் பின்பக்கம் போனார். இளையவன் வாயைப் பிளந்தான். கல்யாணமானதிலிருந்து இந்த மனிதர் கயிற்றைத் தொட்டு அவன் பார்த்ததில்லை. மாமியார் டீயை ஊதிக்கொண்டே பார்த்தார். பலகை தண்ணீரில் விழுந்து, மூக்கைக் குத்தி, கண்ணுக்கு மறைந்தது. வலது பலகையை இளையவன் விட்டான்.

கூண்டுக்குத் திரும்பிய மூத்தவர் மாமியாருக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார். “பலகைன்னா என்ன அத்தை? மீன் கடிச்சா மேல வரணும். பாசி மாட்டினாலும் மேல வரணும். ரெண்டுமில்லேன்னா கீழயே கிடக்கணும். அவ்வளவுதான் சங்கதி. நாம இழுத்து இழுத்துப் பாக்கவே வேண்டாம், அதுவே வந்து சொல்லும். செய்யறவன் ஒழுங்கா செஞ்சிருந்தா.”

“ஓ” என்றார் மாமியார். ஒவ்வொரு சொல்லையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். டீ டம்ளரைக் கழுவி வைத்தார். பிறகு எழுந்து நின்றார்.

“சரி. ரெண்டு பேர் வேலையையும் நான் பாத்தாச்சு. இப்போ மாத்திக்குங்க. சின்ன மாப்பிள்ளை சுக்கானைப் பிடிக்கட்டும். நீங்க பின்னாடி வந்து கயித்தைப் பாருங்க, மாப்பிள்ளை. அடுத்தவர் வேலை தெரியாதவர் எப்படி அடுத்தவரை ஏவ முடியும்?”

மூத்தவர் சுக்கானை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“அத்தை, அவனுக்கு ஓட்டத் தெரியாது...”

“தெரியுதான்னுதான் பாக்கப் போறேன்.”

இளையவன் கூண்டுக்குள் போய் சுக்கானைப் பிடித்தான், அதற்கும் சிரித்தான். மூத்தவர் பின்பக்கம் வந்து நின்றார். வலது பக்கம் ஒரு கயிறு, இடது பக்கம் ஒரு கயிறு. இடது கயிற்றைப் பார்க்கவே அவருக்குப் பயமாயிருந்தது. எவனுக்கோ என்று கட்டிய கண்ணியில் தானே கால் வைத்து நிற்கிறோம் என்பது மெல்ல மெல்லத்தான் உறைத்தது. பலகையை மேலே எடுத்துக் கட்டை அவிழ்த்தால் போதும். ஆனால் எடுக்க வேண்டுமென்றால் படகு வேகம் குறைய வேண்டும்.

“கொஞ்சம் மெதுவாப் போ சகலை! இடது பக்கம் பாசி மாட்டியிருக்கும்னு நினைக்கிறேன்!” என்று கத்தினார்.

மாமியார் திரும்பினார். “பாசி மாட்டியிருந்தா அதுவே மேல வந்து சொல்லும்னீங்களே?”

“ஆமா... வரும்.”

“வரலையே.”

“வரலை.”

“அப்போ பாசி இல்லை. நீங்க வேகத்தைக் குறைக்காதீங்க சின்ன மாப்பிள்ளை.”

மூத்தவர் இடது கயிற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ஒரு ‘ம்க்கும்’கூட வரவில்லை.

இளையவனோ, சொல்லக் கூடாது, படகை நன்றாகத்தான் ஓட்டினான். பாசி மிதக்கிற இடத்தைக் கண்டால் ஒதுங்கிப் போனான், பறவைகள் விழுந்து எழுகிற இடத்தைக் கண்டால் கிட்டே போனான். மடையன் படகு ஓட்டினால் மடத்தனமாக ஓட வேண்டுமல்லவா? அதையாவது ஒழுங்காகச் செய்யமாட்டேன் என்கிறானே என்று மூத்தவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சற்று நேரத்தில் வலது பலகை மேலே வந்து தத்தியது. மீன்!

மூத்தவர் இழுத்தார். வருஷக்கணக்காகச் சுக்கானின் வழவழப்பையே பிடித்துப் பழகிய கை அது. கயிறு உள்ளங்கையை உரித்தெடுத்தது. பலகையை மேலே வாங்கி வைத்து, தங்கூசியைப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றி இழுத்து, ஒரு சூரையை உள்ளே போடுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. சுமாரான மீன்தான். மாமியார் மீனைப் பார்த்தார், மாப்பிள்ளையின் கையைப் பார்த்தார். “கையுறை அங்க ஆணியில தொங்குது மாப்பிள்ளை. சின்ன மாப்பிள்ளை எப்பவும் போட்டுக்குவார்” என்றார். அதற்குப் பதில் இரண்டு வசவு வாங்கியிருந்தால்கூட மூத்தவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டே ஆதரவுக்காக இடது கயிற்றில் கையை ஊன்றினார். ஊன்றின கை அப்படியே நின்றுவிட்டது.

கயிறு துடித்தது.

பலகையின் இழுப்பு ஒரே சீராக இருக்கும். இது சீராக இல்லை. விட்டு விட்டு, ஆழத்தில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி வந்தது. பெரிய மீன். இந்தப் பருவத்தில் யாரும் பார்க்காத அளவுக்குப் பெரிய மீன் என்று கயிறு அவருடைய எலும்புக்குச் சொன்னது. இதைத் தூக்கி உள்ளே போட்டால் சுக்கானைப் பற்றிப் பேச்சே இல்லை. தன் கயிறு, தன் கை, தன் மீன். “மீன்!” என்று கத்துவதற்கு வாய் பாதி திறந்துவிட்டது. மீதியைத் திறக்க முடியவில்லை. கத்தினால் படகு நிற்கும், பலகை மேலே வரும், பலகையோடு சிவப்பு வயரும் வரும்.

கையை எடுத்துவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய் கிழிந்து போய்விடும், எப்படியும் போய்விடும் என்று காத்திருந்தார். போகவில்லை. திருட்டுத்தனமாகக் கயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், துடிக்கும். மறுபடி தொடுவார், துடிக்கும். அந்த மடையன் போட்ட முடிச்சு ஒன்றாவது அவிழ்ந்து தொலையக் கூடாதா? எச்சில் போட்டு நனைத்து, பல்லால் கடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துப் போட்ட முடிச்சு, எப்படி அவிழும்? தன் வாழ்நாளில் இன்னொருவனின் வேலை இத்தனை உறுதியாக இருக்கிறதே என்று அவர் வயிறெரிந்தது அன்றுதான்.

“என்ன மாப்பிள்ளை, கயித்தை அடிக்கடி தொடறீங்க?” என்றார் மாமியார்.

“சும்மாதான் அத்தை. இறுக்கம் பாக்கறேன்.”

“மூஞ்சி வேர்த்திருக்கே?”

“வெயில்.”

மேகம் மூடியிருந்தது. மாமியார் அண்ணாந்து ஒரு தரம் பார்த்தார். எழுந்து பின்பக்கமாக வர ஆரம்பித்தார். அவர் வந்து கயிற்றில் கை வைத்தால் முடிந்தது கதை. மூத்தவர் இடுப்புக் கத்தியை உருவினார். ஒரே வெட்டு. கயிறு சுரீர் என்று தண்ணீருக்குள் ஓடியது, ரப்பர் திரும்பி வந்து அவருடைய முன்னங்கையிலேயே சாட்டையாக அடித்தது.

“ஐயோ, மாட்டிக்கிச்சு! பாறையில மாட்டிக்கிச்சு, அறுத்துட்டேன்!” என்று கத்தினார்.

“நடுக்கடல்ல பாறையா?” என்றார் மாமியார்.

“பாறை இல்லை... மரம். அடியில ஏதோ மரம் மிதந்து வந்திருக்கு.”

“அடியில எப்படி மாப்பிள்ளை மிதக்கும்?”

அவர் மேலும் ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருக்கும்போதே படகு வேகம் குறைந்து வளைய ஆரம்பித்தது. இளையவன் கூண்டிலிருந்து தலையை நீட்டினான். “என் புதுப் பலகைண்ணே! விட்டுட்டுப் போக முடியுமா? மரந்தானே, மிதக்கும்!”

அதை மூத்தவர் நினைத்துப் பார்க்கவே இல்லை. இழுக்கப் படகு இல்லையென்றால் மரப்பலகை எப்படி முங்கும்? கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஆரஞ்சு நிறமாக அது மேலே வந்து நின்றது. நின்றதா? இல்லை, நடந்தது. அலை ஒரு பக்கம் போக, அது இன்னொரு பக்கம் போயிற்று. ஒரு முங்கு முங்கி உள்ளே போனது, மறுபடி வெளியே வந்தது.

“மீனு!” என்று அலறினான் இளையவன். “அத்தை, மீனு கட்டி இழுத்துட்டுப் போகுது! பலகை கனத்துல அதுவே சோர்ந்துடும் பாருங்க!”

அவன் துரத்தவில்லை. பக்கவாட்டில் வட்டம் போட்டுப் போட்டு நெருங்கினான். பலகை கைக்கெட்டும் தூரத்தில் வந்ததும் மாமியார் மறுபேச்சில்லாமல் போய் சுக்கானைப் பிடித்துக்கொண்டார். இளையவன் குனிந்து பலகையைத் தூக்கி உள்ளே போட்டான், தங்கூசியை இழுத்தான். “கொக்கிக் கம்பு எடுங்கண்ணே! தலையில போடுங்க, தலையில!” மூத்தவர் போட்டார். சொன்ன இடத்தில் போட்டார். சகலை சொல்லி அவர் செய்த முதல் வேலை அது. யோசிக்க நேரமிருந்தால் செய்திருக்கமாட்டார். இருவருமாகத் தூக்கிப் போட்டபோது படகே ஒரு பக்கம் சாய்ந்தது. தளத்தில் விழுந்த மீன் வாலால் அடித்து மூவரையும் நனைத்தது. ஐஸ் பெட்டியின் மூடி அதற்குமேல் மூடாது.

பிறகு இளையவன் தன் பலகையைத் தேடி எடுத்தான். குழந்தைக்கு அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரல் வளையத்தில் நின்றது. சிரிப்பும் நின்றது.

மாமியார் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து பலகையைக் கையில் வாங்கினார். சிவப்பு வயரைப் பார்த்தார். கூண்டுக்குத் திரும்பிப் போய் ஹாரன் பொத்தானை அழுத்தினார். சத்தமில்லை. இன்னொரு தரம் அழுத்தினார். தண்ணீர் படகின் விலாவில் தளக் தளக் என்று அடிப்பதுதான் கேட்டது.

“வீண் சத்தம்” என்றார் மாமியார்.

“அத்தை, பாசிக்கு அடிக்கடி மேல வருதேன்னு நல்லதுக்குத்தான்...” என்று ஆரம்பித்தார் மூத்தவர்.

“நல்லதுக்குக் கட்டினவர், கட்டினேன்னு சொல்லியிருப்பாரே மாப்பிள்ளை. கயித்தை ஏன் அறுத்தீங்க?”

இளையவன் முறுக்கைப் பிரித்துக்கொண்டிருந்தான். அது சீக்கிரம் பிரியவில்லை, அத்தனை ஆசையாக முறுக்கப்பட்டிருந்தது. “கட்டின பலகையோட மீனும் இழுக்கறப்போ கயிறு கையில சுத்தியிருந்தா விரல் போயிருக்கும்ணே” என்றான், தலையைத் தூக்காமல். “என் விரலுன்னு நினைச்சுக் கட்டினீங்க. உங்க விரலா இருந்துது.”

அவன் திட்டியிருக்கலாம், அடித்திருந்தால்கூட மூத்தவர் திருப்பி அடித்து மனசை ஆற்றிக்கொண்டிருப்பார். அவன் சொன்னதில் கோபத்தைவிட அருவருப்பு அதிகமாக இருந்தது. எல்லாரையும் மேலிருந்து பார்த்தே பழகியவருக்குக் கீழிருந்து பார்ப்பது எப்படி என்று தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்திலும், பிரிக்கிறான் பார், வயரைக்கூட வழவழவென்று நீவி மடிக்கிறான் பார் என்று உள்ளே ஒரு குரல் ஏளனம் செய்துகொண்டே இருந்தது. சில பேரை வெட்கம்கூட முழுசாகத் திருத்தாது.

“நாளையிலேருந்து சுக்கான் சின்ன மாப்பிள்ளைக்கு” என்றார் மாமியார். “நீங்க பின்னாடி. அவர் இழுன்னா இழுக்கணும், விடுன்னா விடணும். முடியாதுன்னா வீட்ல இருங்க, நான் வேற ஆள் பாத்துக்கறேன்.”

சொல்லிவிட்டு, மீன் துருத்திக்கொண்டிருந்த ஐஸ் பெட்டியின்மேல் உட்கார இடமில்லாததால் தரையில் உட்கார்ந்துகொண்டார். திரும்பி வருகிற வழியெல்லாம் மூத்தவர் அந்த மீனுக்குப் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. வேறு இடமில்லை.

துறைக்குள் நுழைவதற்கு முன்னால் இளையவன் வயரை அதன் இடத்தில் பொருத்தினான். “அண்ணே, அந்த ஸ்க்ரூடிரைவர்” என்று கையை நீட்டினான். மூத்தவர் எடுத்துக் கொடுத்தார். ஹாரன் முழங்கியது. துறையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

மூத்தவரின் மனைவி, அம்மாவைக் கூட்டிப்போக வந்து நின்றிருந்தாள். மீனை நாலு பேர் சேர்ந்து இறக்குவதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் விரிந்தது. சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

“அம்மாடியோவ்! இது யார் கயித்துல விழுந்துது?” என்றாள்.

“உன் வீட்டுக்காரர் கயித்துலதான்” என்றார் மாமியார், செருப்பை மாட்டிக்கொண்டே. “எப்படிப் பிடிச்சாருன்னு கேளு. அவரே சொல்லுவார்.”

மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இந்த மனிதரைப் பற்றிப் பெருமைப்பட அவளுக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே வந்தாள். “நிஜமாவா? சொல்லுங்க, எப்படிப் பிடிச்சீங்க?”

கூட்டம் காத்திருந்தது. கூண்டுக்குள் நின்றுகொண்டு இளையவன் எங்கோ பார்த்தான். மூத்தவர் வாயைத் திறந்தார். மூக்கில் காற்று ஏறியது, பாதியில் நின்றது. உரிந்துபோன இரண்டு உள்ளங்கைகளையும் வேட்டியில் துடைத்தார்.

“நான் பிடிக்கலை” என்றார். “போகட்டும்னு அறுத்து விட்டுட்டேன்.”

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடப்பதைப் பார்த்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு அம்மாவின் பின்னாலேயே போய்விட்டாள். போகும்போது அவளிடமிருந்து ஒரே ஒரு சத்தம் வந்தது. அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கூடவே இருந்து கற்றுக்கொண்டது.

“ம்க்கும்.”